காதில் வலி, நோய் வேறிடத்தில்

காது வலிக்கிறது என்றால் நம் வீடுகளில் முதலில் என்ன செய்கிறோம்? பூண்டைத் தட்டி நல்லெண்ணெயில் காய்ச்சி இரண்டு சொட்டு விடுகிறோம். காது அடைத்துக்கொண்டால் கோழி இறகைத் தேடுகிறோம். இரண்டுமே கூடாதவை; அது வேறு பேச்சு. பிள்ளைகளுக்குச் சளியோடு வரும் காது வலி சளியோடு போய்விடுவதுமுண்டு. ஆனால் நாற்பது, ஐம்பது வயதானவருக்கு ஒரு பக்கக் காது மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருந்தாலோ, காதில் ஒரு குறையும் தெரியாமல் வலி மட்டும் நீடித்தாலோ, மருத்துவர் காதை விட்டுவிட்டு மூக்கின் பின்புறத்தையும் வாயையும் தொண்டையையும் பார்ப்பார். அப்படிப் பார்க்கவேண்டும் என்ற அறிவு வளர்ந்ததில் சிங்கப்பூருக்கு ஒரு பங்குண்டு. இன்று நாம் காணப்போவது அந்த வரலாற்றைத்தான்.

நடுக்காதிலிருந்து ஒரு சிறு குழாய் இறங்கி, மூக்கும் தொண்டையும் கூடுகிற இடத்தில் திறக்கிறது. காதுக்குள் காற்று போய்வருவது அதன் வழியாகத்தான். அந்தக் கூடுமிடத்தில் ஒரு கட்டி முளைத்தால் குழாயின் வாய் அடைபடும், செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கும், காது மந்தமாகும். நோயாளிக்குத் தெரிவது காது மட்டுமே. கட்டியோ விரல் எட்டாத இருட்டில் இருக்கிறது.

அந்த இருட்டைப் பார்க்க வழி செய்தவர்களில் முன்னே நிற்பவர் மருத்துவரே அல்லர். மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார். 1854ஆம் ஆண்டு நீண்ட கைப்பிடியுள்ள ஒரு சிறு கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் வைத்து, வெயிலை அதன்மேல் விழச் செய்து, தம் குரல்நாண்கள் அசைவதைத் தாமே கண்டார். மறு ஆண்டு லண்டன் ராயல் சங்கத்தில் அதை அறிவித்தார். மருத்துவர்கள் அந்தக் கண்ணாடியை எடுத்துக்கொண்டார்கள். அதை மேல்நோக்கித் திருப்பினால் மூக்கின் பின்புறமும் தெரிந்தது. மூச்சுக்காற்றின் ஆவி படியாதிருக்கக் கண்ணாடியை விளக்கில் சற்றுச் சூடு காட்டி, பின் தம் கையில் தொட்டுப் பார்த்து உள்ளே வைப்பார்கள். 1968இல் ஜப்பானில் சவாஷிமா, ஹிரோசே என்பவர்கள் வளையும் இழைக்குழலை மூக்கு வழியே செலுத்திக் குரல்வளையைப் பார்த்தார்கள். இன்று அந்த வகைக் குழலே பெரிதும் வழக்கில் உள்ளது.

பார்த்தால் மட்டும் போதாது. கட்டியிலிருந்து ஒரு துணுக்குச் சதையை எடுத்து நுண்பெருக்கியில் வைத்தால்தான் அது இன்னதென்று தெரியும். சிங்கப்பூரின் சிறப்பு இங்கேதான் தொடங்குகிறது. அந்நாளில் தீவின் ஆஸ்பத்திரிகளில் எடுக்கப்பட்ட சதைத்துணுக்குகளில் பெரும்பாலானவை ஊட்ரமில் இருந்த ஒரே நோய்க்குறியியல் துறைக்கு வந்து சேர்ந்தன. ஊர் முழுவதன் நோயும் ஒரே மேசைக்கு வந்தது என்று சொல்லலாம்.

அந்த மேசையில் அமர்ந்தவர் ஒரு தமிழர். இலங்கைத் தமிழ்ப் பூர்வீகம் கொண்ட கனகரத்தினம் சண்முகரத்தினம் 1921இல் சிங்கப்பூரில் பிறந்தார். ஜப்பானியர் ஆட்சியால் படிப்புத் தடைப்பட்டு, 1947இல் ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரியில் தேறினார். 2023இல் சிங்கப்பூர் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தர்மன் சண்முகரத்தினம் இவருடைய மகன். மகனை அறிந்த அளவுக்குத் தந்தையை நம் மக்கள் அறியார்.

சதையைப் பார்த்துச் சீட்டு எழுதி அனுப்புவதோடு அவர் நிற்கவில்லை. யாருக்கு வந்தது, எந்த இனம், எந்த வயது என்று எண்ணத் தொடங்கினார். 1968இல் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகத்தை நிறுவினார். அறிவிக்கவேண்டும் என்ற சட்டக் கட்டாயம் அப்போது இல்லை. மருத்துவர்கள் தாமாக முன்வந்து அறிவித்தார்கள்.

அந்தக் கணக்கு சொன்னதைக் கேளுங்கள். மூக்கின் பின்புறத்துப் புற்று சீனருக்கு மிகுதி, மலாய்க்காரருக்கு அதைவிடக் குறைவு, இந்தியருக்கு மிக அரிது. சீனருக்குள்ளும் கண்டோனீசு பேசுவோருக்கு மற்றவர்களைவிட அதிகம். ஹொக்கியன், தியோச்சியூ மக்களும் குடித்தது அதே குழாய்த் தண்ணீர், சுவாசித்தது அதே காற்று. ஆகவே காரணத்தை ஊரில் தேடிப் பயனில்லை. பரம்பரையிலும் பழக்கத்திலும் தேடவேண்டும். தேடினார்கள். 1964இல் லண்டனில் கண்டறியப்பட்ட எப்ஸ்டைன்–பார் என்ற வைரசுக்கு இந்நோயோடு தொடர்புண்டு என்பது 1966இல் இரத்தப் பரிசோதனைகளில் தென்பட்டது. வெள்ளணுக்களில் பிறவியிலேயே அமையும் ஒரு வகை அடையாளத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவை 1970களின் நடுவில் சிங்கப்பூர் ஆய்வுகள் காட்டின. சிறுவயதில் கஞ்சியோடு ஊட்டப்படும் சீன உப்பு மீனையும் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1993இல் காரணங்களில் சேர்த்தது. கருவாட்டுக் குழம்பை நினைத்து நேயர்கள் கலங்கவேண்டாம். பிற உப்பு மீன்களைப் பற்றி முடிவுசொல்லச் சான்று போதாது என்றே அந்நிறுவனம் வகைப்படுத்தியது.

இக்கட்டிகளை நுண்பெருக்கியில் எவ்வாறு வகை பிரிப்பது என்பதற்கு உலகச் சுகாதார நிறுவனம் 1978இல் ஒரு நூல் வெளியிட்டது. அதை எழுதியவர்கள் சண்முகரத்தினமும் சோபினும். பெயர் சரியாக இருந்தால்தான் சிகிச்சை சரியாக இருக்கும். மண்டையோட்டின் அடியில் ஒளிந்திருக்கும் இந்தக் கட்டியை முதலில் கத்தியால் தொடுவதில்லை; கதிர்வீச்சுக்கு இது நன்றாக இளகும். தமிழ்நாட்டில் ‘கரண்ட் வைப்பது’ என்று மக்கள் சொல்வது அதைத்தான்.

சரி, இந்தியருக்கு அரிது என்றால் நமக்கென்ன என்று கேட்பீர்கள். அதே மேசைக்கு நம்மவர் சதையும் வந்தது. அது வேறு இடத்திலிருந்து வந்தது: கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கு. 1960இல் அத்துறையைச் சேர்ந்த மியூர், கிர்க் என்ற இருவர் வெளியிட்ட கட்டுரைக்குத் தலைப்பே ‘வெற்றிலை, புகையிலை, வாய்ப்புற்று’ என்பது. இனத்தின் எண்ணிக்கைக்கு மிஞ்சிய அளவில் இந்தியர் வாயில் இந்நோய் இருந்தது.

இது புதுச் செய்தியுமல்ல. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து பென்டால் 1908இலும், ஓர் 1933இலும் இதையே எழுதினார்கள். கப்பலேறி வந்த நம் முன்னோர் சுருக்குப் பையோடு நோயின் வித்தையும் கொண்டுவந்தார்கள். விடியற்காலைக் குளிரில் பால்மரத்துக்குப் போகுமுன் ஒரு தரம், பசியை மறக்க ஒரு தரம், பல்வலிக்கு ஒரு தரம் என்று புகையிலை சேர்த்து அடக்கிக்கொண்டார்கள். அதைப் பழிப்பது நம் நோக்கமன்று. அந்த வேலைக்கு அதுதான் துணையாக இருந்தது. ஆனால் எந்தக் கன்னத்தில் அடக்கினார்களோ அந்தக் கன்னத்திலேயே புண் வந்தது என்பதையும் சொல்லியாகவேண்டும். மலேசியாவிலும் இந்தியப் பெண்களுக்கு வாய்ப்புற்று மற்ற இனப் பெண்களைவிட அதிகமாகவே பதிவாகியுள்ளது.

இங்கும் காது வருகிறது. நாக்கின் அடிப்பகுதிக்கும் தொண்டைக்கும் தாடைக்கும் உணர்ச்சி தரும் நரம்புகள் காதுக்கும் கிளை அனுப்புகின்றன. புண் நாக்கடியில் இருக்க, வலி காதில் தெரியும். பாட்டி காதுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே இருப்பார்; புண் வளர்ந்துகொண்டே இருக்கும்.

இந்த நோய்க்கு முதற்சிகிச்சை பெரும்பாலும் கத்தியே. காசளவு புண்ணாயின் சுற்றிலும் சிறிது நல்ல சதையோடு வாய்வழியே வெட்டியெடுத்துத் தைப்பார்கள். பேச்சும் சாப்பாடும் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். கழுத்தில் நெறி கட்டிவிட்டால் கதை வேறு. நெறிகளையும் சேர்த்து எடுக்கும் முறையை அமெரிக்கரான ஜார்ஜ் கிரைல் 1906இல் விளக்கினார். முற்றிய நோயில் தாடையெலும்பிலும் ஒரு பகுதி போகும். அந்தப் பள்ளத்தை நெஞ்சுத் தசையைத் தோலோடு திருப்பிவைத்து மூடும் வழி 1979இல் வந்தது. அதன்பின் பலருக்கு முகம் ஓரளவு மீண்டது. ஆனாலும் சோற்றைக் கரைத்துக் குடிக்கும் நிலை சிலருக்கு நிலைத்துவிடுகிறது.

புகையிலையோடு சேர்ந்த வெற்றிலை புற்றுக்குக் காரணம் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985இல் தீர்த்துச் சொன்னது. ‘நான் புகையிலை போடுவதில்லை, பாக்கு மட்டுந்தான்’ என்பவர்களுக்கு 2004இல் பதில் வந்தது: பாக்கு தனியாகவே கெடுதல். சிங்கப்பூர் அரசு மூக்குப்பொடி, குட்கா, ஜர்தா முதலியவற்றை 2016இல் தடைசெய்தது. சிராங்கூன் சாலையில் வெற்றிலை, பூசைக்கும் கல்யாணத் தாம்பூலத்துக்கும் இன்றும் விற்கிறது. வெற்றிலை மட்டும் யாரையும் கொன்றதாக எவரும் சொல்லவில்லை.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பகல் வெளிச்சத்தில் வாசற்படியில் உட்காரவைத்து, கன்னத்தை விரலால் விலக்கிப் பாருங்கள்; நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும் ஓரத்திலும் பாருங்கள். சுரண்டினாலும் போகாத வெள்ளைப் படலம், சிவந்த திட்டு, மிளகாய் பட்டால் தாங்கமுடியாத எரிச்சல், மூன்று விரல் நுழையாதபடி இறுகிப்போன வாய், இரண்டு வாரத்தில் ஆறாத புண் ஆகியவற்றில் எது கண்டாலும் பல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். காதில் வலி என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.