செத்த பூச்சியும் பி.வி.சி.யும்

பி.வி.சி. பிளாஸ்டிக், புரதம், பாசி, செத்த பூச்சிகள், மலம். 1981-இல் ஜப்பானிய வேதியியல் இதழொன்றில் வந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே இத்தனையும் இருந்தன. எழுதியவர்கள் கவாய், சகாட்டா. இவற்றைத் தண்ணீரில் போட்டு, வினையூக்கித் தூள் கலந்து, ஒளியைப் பாய்ச்சி ஹைட்ரஜன் எடுத்தார்கள். தலைப்பு வைப்பதில் இவ்வளவு துணிச்சல் விஞ்ஞானிகளுக்கு வாய்ப்பது அபூர்வம்.

அங்கே முதன்மையாகத் தேடியது எரிபொருளை. விதை போட்டவர்கள் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த புஜிஷிமாவும் ஹோண்டாவும். வெள்ளை பெயின்டில் சேர்க்கிற டைட்டானியம் டை ஆக்சைடின்மேல் புற ஊதா ஒளி பட்டால் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும் என்று 1972-இல் காட்டினார்கள். மறு வருடமே எண்ணெய் நெருக்கடி. பெட்ரோலுக்கு வெளிநாட்டை நம்பியிருந்த ஜப்பானுக்கு அந்தக் குமிழிகள் தங்கமாகத் தெரிந்தன.

ஒளி பட்டதும் தூளில் ஓர் எலெக்ட்ரான் கிளம்பிப் போய் ஹைட்ரஜனை உண்டாக்கும். அது விட்டுப்போன இடம் சும்மா இருக்காது. பக்கத்தில் இருப்பதிடமிருந்து ஒன்றைப் பிடுங்கும். தண்ணீர் லேசில் கொடுக்காது. சர்க்கரையோ பிளாஸ்டிக்கோ கொடுத்துவிட்டு உடைந்துபோகும். ஆக, அன்று பிளாஸ்டிக் வெறும் தீனி.

அப்புறம் பல ஆண்டுகள் இந்த முறையைப் பெரிதாக யாரும் சீண்டவில்லை. 2018-இல் கேம்பிரிட்ஜில் எர்வின் ரைஸ்னர் குழு மறுபடி கையில் எடுத்தது. காட்மியம் சல்பைடு நுண்துகள், கண்ணுக்குத் தெரியும் ஒளி, கடுமையான காஸ்டிக் சோடாக் கரைசல். தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக் அதில் ஊறி இரண்டாகப் பிரியும். எத்திலீன் கிளைக்கால் பாதி மேலும் உடைந்து பார்மேட், அசிட்டேட் ஆகும். டெரெப்தாலேட் பாதி மசியாமல் அப்படியே நிற்கும். காட்மியம் நஞ்சு என்பதால் அடுத்த ஆண்டே கார்பன் நைட்ரைடுக்கு மாறினார்கள். 2023-இல் அதே குழு பாட்டிலிலிருந்து கிளைக்காலிக் அமிலம் எடுத்தது; முகப்பூச்சு கிரீம்களில் சேர்க்கிற சரக்கு. ஹைட்ரஜனுக்காகப் பலியான தீனியே இப்போது விளைபொருள்.

கேரி பேக் பாலித்தீனோ காஸ்டிக் சோடாவுக்கு அசராது. முழுக்கக் கார்பன் சங்கிலி. சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்தில் அதைச் சூடான கரைப்பானில் கரைத்து, வனேடியம் வினையூக்கி சேர்த்து, செயற்கைச் சூரிய ஒளியில் வைத்தார்கள். ஆறு நாளில் கிடைத்தது பார்மிக் அமிலம், குமரி மாவட்டத்தில் ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுகிறார்களே, அதே ஆசிட்.