குழந்தைச் சுபாவமும் தாய்ப்பிரிவும்

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளிலேயே ஒன்று யார் தூக்கினாலும் போகும். இன்னொன்று புதுமுகத்தைக் கண்டதும் வீறிட்டழும். பிறந்த சில மாதங்களிலேயே தெரியவரும் இந்த வேறுபாட்டை உளவியலார் சுபாவம் என்கிறார்கள். அலெக்சாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் 1956இல் நியூயார்க்கில் தொடங்கிய நெடுங்கால ஆய்வில், சுமார் 40 விழுக்காட்டுக் குழந்தைகள் எளிதில் பழகின. 10 விழுக்காடு சமாளிக்கக் கடினமானவை. 15 விழுக்காடு தயங்கித் தயங்கி ஒட்டிக்கொண்டவை. மீதிக் குழந்தைகள் எந்த வகைக்குள்ளும் அடங்கவில்லை.

பிரிவின்போது குழந்தை எவ்வளவு அழும் என்பதில் சுபாவத்துக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அழுகையின் அளவை வைத்துத் துயரத்தை எடைபோடக்கூடாது. இதற்கு லாராவைவிட நல்ல சான்று இல்லை.

குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் லண்டன் மருத்துவமனையில் இருந்த இரண்டரை வயதுச் சிறுமி அவள். ஜேம்ஸ் ராபர்ட்சன் அந்த நாட்களைப் படமெடுத்து 1952இல் வெளியிட்டார். லாரா வயதை மீறிய அடக்கம் உள்ள குழந்தை. ஓவென்று அழுததே அபூர்வம். முகம் ஒரு கணம் கோணும், உடனே சமாளித்துக்கொள்வாள். கரடிப் பொம்மையை இறுக்கிப் பிடித்தபடி, ஏதோ சாதாரணமாகக் கேட்பதுபோல அம்மா எங்கே என்பாள். வீடு திரும்பும் நாளில் தன் சாமான்களையெல்லாம் எடுத்துக்கொண்டவள், அம்மா நீட்டிய கையை மட்டும் பிடிக்கவில்லை. படத்தைப் பார்த்த மருத்துவர்கள் பலர் முதலில் கோபப்பட்டார்கள். சமர்த்தாக இருக்கும் பிள்ளைக்கு என்ன குறை என்பது அவர்கள் எண்ணம். பெற்றோர் தடையின்றி வந்துபோக வேண்டும் என்று, மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிரிட்டனின் பிளாட் குழு 1959இல் பரிந்துரைத்ததற்கு இந்தப் படமும் ஒரு காரணம்.

பாசப்பிணைப்பை அளக்க மேரி எய்ன்ஸ்வொர்த் வகுத்த சோதனையிலும், தாய் வெளியே போகும்போது குழந்தை அழுகிறதா என்பதைவிட, திரும்பி வந்ததும் அவளிடம் ஆறுதல் தேடுகிறதா என்பதே முக்கியம். உளவியலாளர் ஜெரோம் கேகன் இதை ஏற்கவில்லை. சோதனை காட்டுவது பிணைப்பை அல்ல, பிறவி அச்சத்தையே என்றார். அவர் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. பயந்த சுபாவக் குழந்தைகள் அதிகம் அழுவது மெய்தான். ஆனால் அந்த அழுகை தாயின் அணைப்பில் அடங்குகிறதா என்பதைச் சுபாவம் தீர்மானிப்பதில்லை.

நெதர்லாந்தில் டிம்ஃப்னா வான் டென் போம், பிறந்ததிலிருந்தே சிணுங்கலும் எரிச்சலுமாக இருந்த 100 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார். பாதிப் பேரின் தாய்மாருக்கு, குழந்தை ஆறு முதல் ஒன்பது மாதமாக இருந்தபோது வீட்டுக்கே போய்ப் பயிற்சி தந்தார். குழந்தையின் குறிப்பறிந்து உடனே தேற்றுவது, அது அமைதியாக இருக்கும்போதும் விளையாட்டுக் காட்டுவது, அவ்வளவுதான். ஒரு வயதில் சோதித்தபோது, பயிற்சி பெறாத தாய்மாரின் குழந்தைகளைவிட இந்தக் குழந்தைகளிடம் உறுதியான பிணைப்பு வெகுவாகக் கூடியிருந்தது.

உடலும் இதையே சொல்கிறது. பயந்த சுபாவமுள்ள ஒன்றரை வயதுக் குழந்தைகளைப் புதிய சூழலில் விட்டு மேகன் கன்னர் குழுவினர் எச்சிலில் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலை அளந்தார்கள். தாயோடு உறுதியான பிணைப்பு இல்லாத குழந்தைகளுக்கே அது ஏறியது. பிணைப்பு உறுதியாக இருந்தவை அதேபோல் மிரண்டு தாயின் காலைக் கட்டிக்கொண்டாலும், கார்ட்டிசால் ஏறவில்லை.