வியட்நாமில் ஒரு குடும்ப விடுமுறை: எதைச் சாப்பிடலாம், எதைப் பார்க்காமல் விடலாம்

ஊரில் இருக்கிற தாயும் புலம்பெயர்ந்த பிள்ளையும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவதற்கு மூன்றாவது நாடொன்று தேவைப்படுகிற குடும்பங்கள் எங்களிடையே பல. அகதிப் பயண ஆவணம் வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டு இலங்கைக்கு வர முடியாது. இங்கிருந்து ஐரோப்பாவுக்கு வீசா எடுப்பதோ பெரும்பாடு. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து என்று பலர் போய்ச் சந்திக்கிறார்கள். நாங்கள் வியட்நாமைத் தெரிவுசெய்தோம். அம்மாவும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து, அண்ணன் குடும்பம் பிரான்ஸிலிருந்து.

சாப்பாட்டுக்குப் பெயர்போன நாடு அது. யுத்தத்தால் அடிபட்ட நாடும்கூட. பயணத்தைச் சாப்பாட்டை வைத்தே திட்டமிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. யுத்தம் எப்படியும் வழியில் வந்து நிற்கும். அதில் எவ்வளவு பார்ப்பது என்பதை மட்டும் புறப்பட முன்னரே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீசா. 2023 ஓகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரையான இணையவழி வீசாவை வியட்நாம் வழங்குகிறது. ஒருமுறை நுழைய 25 அமெரிக்க டொலர், பலமுறை நுழைய 50 டொலர். இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் இதுவே வழி. அரச தளத்தில் நேரடியாக விண்ணப்பியுங்கள். அதைப்போலவே தோற்றமளிக்கும் முகவர் தளங்கள் கூடுதலாகக் கறக்கும். எங்கள் நீண்ட பெயர்களைக் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் நிரப்ப வேண்டும். பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே போன்ற நாடுகளின் குடியுரிமை பெற்றவர்கள் 45 நாள் வரை வீசா இன்றியே தங்கலாம். கனடா, அவுஸ்திரேலியக் குடியுரிமையாளருக்கு வீசா வேண்டும்.

அகதிப் பயண ஆவணம் வைத்திருப்பவர்கள் மட்டும் அவசரப்பட்டு விமானச்சீட்டு வாங்கவேண்டாம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் வியட்நாம் இணையவில்லை. நீங்கள் வசிக்கும் நாட்டிலுள்ள வியட்நாம் தூதரகத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெறுங்கள். இடையில் விமானம் மாறுகிற நாட்டைப் பற்றியும் விசாரியுங்கள். ஊரிலிருந்து அம்மா வந்திறங்கி, பிள்ளை அங்கே விமான நிலையத்தில் மறிபட்டு நின்றால் அந்த விடுமுறைக்கு அர்த்தமில்லை.

வடக்கிலிருந்து தெற்குவரை நீண்டு ஒடுங்கிய நாடு என்பதால் காலநிலை இடத்துக்கிடம் மாறும். நடுப்பகுதியில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் வெள்ளம் வரும். மூன்று பகுதிகளையும் ஒரே பயணத்தில் பார்க்க மார்ச் மாதம் வசதி. சந்திரப் புத்தாண்டான 'தெத்' ஜனவரி கடைசிக்கும் பெப்ரவரி நடுப்பகுதிக்கும் இடையில் வரும். அந்த வாரத்தில் கடைகள் பூட்டு, ரயிலில் இடம் கிடையாது. ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகருக்கு ரயில் பாதை 1,726 கிலோமீற்றர். வயதானவர்களோடு முழுதாகப் போகவேண்டாம். ஹுவேயிலிருந்து தானாங் வரை மட்டும் போங்கள்: மூன்று மணித்தியாலத்துக்குள் முடியும், பாதி வழி கடலோரம்.

இனிச் சாப்பாடு. காலையில் ஹனோயில் 'ஃபொ'. கறுவாவும் நட்சத்திரச் சோம்பும் சுட்ட இஞ்சியும் போட்டு எலும்பை மணிக்கணக்காகக் கொதிக்கவைத்த சூப்பில் அரிசி நூடில்ஸ். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் 'ஃபொ கா' என்று கேட்டால் கோழியில் கிடைக்கும். எங்கள் அம்மாவுக்கு அது சப்பென்று இருந்தது. மேசையிலிருந்த மிளகாயையும் தேசிக்காயையும் பிழிந்து தன் வழிக்குக் கொண்டுவந்தார். உறைப்பு வேண்டுமென்றால் ஹுவேக்குப் போகவேண்டும். பழைய அரசதலைநகர் அது. சின்னஞ்சிறு கிண்ணங்களில் அவித்த அரிசிமாவின்மேல் உலர்ந்த இறால் தூள் தூவித் தருவார்கள். எலுமிச்சம்புல் மணக்கும் 'பூன் போ' நூடில்ஸில் மாட்டிறைச்சியோடு பன்றியும் இருக்கும், விரும்பாதவர்கள் முன்கூட்டியே கேளுங்கள். தெற்கே போனால் 'பான் செயோ': அரிசிமா, மஞ்சள், தேங்காய்ப்பால் கலந்து தாச்சியில் ஊற்றுகிற மெல்லிய தோசை. உள்ளே இறாலும் பயற்றம் முளையும். இலைகளில் சுற்றி, தொட்டுச் சாப்பிட வேண்டும். 'பான் ஹொய்' என்று ஒன்று இருக்கிறது, சாட்சாத் இடியப்பம்தான், இன்னும் மெல்லிய நூல். அண்ணனின் பிள்ளைகள் பாணுக்குள் இறைச்சியும் ஊறுகாயும் வைத்த 'பான் மி'யோடு நின்றுவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன பாண் அது.

மரக்கறி மட்டும் சாப்பிடுவோர் 'சாய்' என்று பெயர்ப்பலகை உள்ள கடைகளைத் தேடுங்கள். பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதலாம், பதினைந்தாம் நாள்களில் மரக்கறி உண்பதால், அமாவாசையை அண்டியும் பறுவத்திலும் இக்கடைகள் நிரம்பிவழியும். மற்றக் கடைகளில் மரக்கறிக்கும் மீன் சோஸ் ஊற்றிவிடுவார்கள். இன்னொன்று, தெருக்கடைகளில் இருக்கை முழங்காலுக்கும் கீழான பிளாஸ்ரிக் முக்காலி. முழங்கால் நோவுள்ளவர்களுக்குக் கதிரை இருக்கிற கடையைப் பார்த்து வையுங்கள்.

இப்போது கு சி சுரங்கங்கள். ஹோ சி மின் நகரத்துக்குப் போகிற எல்லோரையும் அங்கே அழைத்துப்போவார்கள். மொத்தம் 250 கிலோமீற்றர் வரை தோண்டப்பட்ட வலையமைப்பு. சுற்றிப்பார்த்தபின் அங்கு போராளிகள் உண்டதுபோல அவித்த மரவள்ளிக்கிழங்கு தருவார்கள், கச்சானும் எள்ளும் உப்பும் இடித்த பொடியோடு. எங்களுக்கு அதில் புதினம் எதுவுமில்லை. ஆனால் ஒன்றை வழிகாட்டிப் புத்தகங்கள் அழுத்திச் சொல்வதில்லை: அங்கே சுற்றுலாப் பயணிகள் காசு கட்டி உண்மையான துவக்கால் சுடுகிற இடம் இருக்கிறது. காட்டுப் பாதையெங்கும் வேட்டுச் சத்தம் கேட்கும். ஷெல்லடிக்குள் இருந்து வந்தவர்களை, இரவில் இன்னும் திடுக்கிட்டு எழும்புகிறவர்களை, 'வந்த இடத்தில் பார்த்துவிட்டுப் போவோம்' என்று அங்கே கூட்டிப்போகாதீர்கள். அம்மாவை நாங்கள் கூட்டிப்போகவில்லை. அவர் அண்ணியோடு பென் தான் சந்தைக்குப் போனார். போர் எச்சங்கள் நூதனசாலையும் அப்படித்தான். இரசாயனத் தெளிப்பால் உருக்குலைந்த உடல்களின் படங்கள் சிறுபிள்ளைகளுக்கு உரியவையல்ல.

யுத்தத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் குவாங் திரி மாகாணத்தை நான் சொல்வேன். அங்குள்ள துரோங் சோன் துயிலிடத்தில் 10,000க்கு மேற்பட்ட வடக்குப் போராளிகளின் கல்லறைகளை அரசு பராமரிக்கிறது. தோற்ற தென்வியட்நாம் படையினரின் கல்லறைகளுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. பியென் ஹோவாவிலுள்ள அவர்களின் மயானம் நீண்டகாலம் படையினரின் கட்டுப்பாட்டில் மூடிக்கிடந்து, 2006இல்தான் சிவில் நிர்வாகத்துக்கு மாறியது. வழிகாட்டிகள் இதைத் தாமாகச் சொல்வதில்லை. எங்கள் துயிலுமில்லங்களுக்கு நேர்ந்ததை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. அதே மாகாணத்தில் வெடிக்காத குண்டுகளை அகற்றும் மக் நிறுவனம்தான் வன்னியிலும் கண்ணிவெடி அகற்றுகிறது.

பென் தான் சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் சைகோனுக்கு வந்த தமிழ் வணிகர்கள் எழுப்பியது. இன்று கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீனரும். சுவரில் நெற்றியை வைத்து இரகசியமாக வேண்டுகிறார்கள். அம்மா இரண்டு நாள் தொடர்ந்து போனார்.

காசு எண்ணும்போது கவனம்: 20,000 தொங் தாளும் 500,000 தொங் தாளும் இரண்டுமே நீல நிறம். திரும்பும்போது மீன் சோஸ் போத்தல் வாங்கவேண்டாம், பல விமானங்களில் ஏற்றமாட்டார்கள். கோப்பித்தூளும், கோப்பைமேல் வைத்து வடிக்கிற சின்னத் தகர வடிகட்டியும் வாங்குங்கள். ஹனோயின் முட்டைக் கோப்பியை வீட்டிலேயே செய்யலாம்: மஞ்சட்கருவையும் சீனியையும் நுரைக்க அடித்துக் கோப்பிமேல் ஊற்றுவதுதான். 1946இல் பால் தட்டுப்பாட்டில் பிறந்தது அது. பொருளாதாரத் தடைக்காலத்தில் பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணீர் குடித்தவர்களுக்குப் பிடிக்கும்.