காவல், கட்டு, சிறை

சீகன்பால்கு ஐயர் 1708 அக்டோபரில் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனியத் தளபதி ஹாசியுசின் ஆணைப்படி டான்ஸ்பர்க் கோட்டையில் அடைக்கப்பட்டு, ஏறத்தாழ நான்கு மாதங்கள் அங்கிருந்தார். 1715இல் அச்சேறி முடிந்த அந்நூலே தமிழில் அச்சான முதல் புதிய ஏற்பாடாகும். அவருக்குப்பின் திருமறையை மீண்டும் மொழிபெயர்த்த பப்ரிசியுஸ் ஐயரும் முதுமையில் கடனின்பொருட்டுச் சென்னையில் சிறைப்பட்டார். எனவே, சிறையைக் குறிக்கும் சொற்களை நம் திருமறையில் ஆராய்வது தகும்.

இன்று வழக்கிலுள்ள பழைய திருப்புதலில் மூன்று சொற்கள் முதன்மையானவை. மத்தேயு 25:36இல் வருவது ‘காவல்’. அதன் கிரேக்க மூலமாகிய ‘ஃபுலகே’ காத்தலையும் காவற்கூடத்தையும் இரவின் சாமத்தையும் குறிக்கும். சீனத்திலும் ‘ஜியேன்’ என்னும் சொல் மேற்பார்வைக்கும் சிறைக்கும் பொதுவாதல் காண்க. பிலிப்பியர் 1:13இல் பவுல் கூறுவது ‘கட்டுகள்’; அது கைதியின் உடலைப் பிணித்த விலங்கு. எபேசியர் 4:8இல் உள்ளது ‘சிறை’. அதன் மூலச்சொல் ஈட்டிமுனையில் பிடிபடுதலை, அதாவது போரில் அகப்படுதலை, உணர்த்தும். பாபிலோனிய அடிமைத்தனம் ‘சிறையிருப்பு’ எனப்பட்டதும் இப்பொருளிலேயே.

தமிழில் ‘சிறை’ என்பதற்குத் தடுத்து நிறுத்துவது என்பதும் பொருள். நீரைத் தடுக்கும் அணையைக் ‘கற்சிறை’ என்பது பண்டை வழக்கு. கரியமாணிக்கம், பாகூர் முதலிய புதுச்சேரிச் சிற்றூர்களின் உழவர் நன்கறிந்த ஏரிக்கரையின் தொழிலும் அதுவே. கரை நீரைத் தடுக்கிறது. நீரின்மேல் குற்றம் சாட்டுவதில்லை.

இவ்வேறுபாடு அருளுரைக்கு இன்றியமையாதது. உரோமர் ஆட்சியில் காவற்கூடம் பெரும்பாலும் தீர்ப்புக்குக் காத்திருப்போரை வைக்கும் இடமாயிருந்ததேயன்றி, தண்டனையாக வகுக்கப்படவில்லை. செசரியாவில் பவுல் ஈராண்டுகள் அவ்வாறே தீர்ப்பின்றிக் காவலில் இருந்தார். நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி, சிறையிலிருந்தோரில் நால்வருள் மூவர் தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிகளே. ஆயினும் நம் சபைகளில் ‘சிறைக்குப் போனவன்’ என்றாலே குற்றவாளி எனக் கொள்ளுகிறோம். அவன் மனைவி மக்களும் ஆலயத்தின் கடைசி வரிசைக்கு ஒதுங்குகின்றனர்.

ஆண்டவர் தம்மைக் ‘காவலிலிருந்தவர்’ எனக் குறிப்பிடுகையில், குற்றமுண்டோ இல்லையோ என்னும் வினாவை எழுப்பவில்லை. காண வந்தோரையும் வராதோரையும் மட்டுமே பிரித்தார். சொல்லாராய்ச்சி பிரசங்க பீடத்தோடு முடிந்துவிடுமாயின் பயனில்லை. அது திருப்பணியாளரைக் காவற்கூடத்தின் வாசலுக்கும், கைதியின் வீட்டு வாசலுக்கும் அழைத்துச் செல்லவேண்டும்.