அடுப்பங்கரையில் கற்ற அன்னை

“படிக்கும் ஆவல் உண்டு, பொழுதுதான் இல்லை” என்று கூறும் பெற்றோரை நாம் நாடோறும் காண்கின்றோம். அவர்தம் கூற்றுப் பொய்யன்று. பிழைப்பும் மக்கட் பேணலும் பகலை விழுங்கிவிட, இரவில் எஞ்சுவது அயர்வு ஒன்றே. ஆயினும், பொழுதின்மை மட்டுந்தானோ தடை? இதனை ஆராய்வார்க்கு வங்க நாட்டு அன்னை ஒருவரின் வரலாறு பெரிதும் உதவும்.

ராஸசுந்தரி தேவியார் என்னும் அவ்வம்மையார், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று வங்காள தேசத்தில் அடங்கிய பாப்னா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். 12-ஆம் வயதில் மணம் செய்விக்கப்பெற்று வேற்றூர் புகுந்தார். 18-ஆம் வயதில் தலைப்பிள்ளை பிறந்தது. 41 வயதிற்குள் 12 மக்களுக்குத் தாயானார். நோயுற்ற மாமியார்க்குப் பணிவிடை, வீட்டுத் தெய்வத்திற்குப் படையல், குடும்பத்தார்க்கும் ஏவலாளர்க்கும் இருவேளைச் சமையல், குழந்தைகளின் அழுகை ஆகிய இவற்றிடையே தாம் உண்ணவும் நேரமின்றி அவர் கழித்த நாட்கள் பல.

இத்தகைய வாழ்வில், நூல் ஒன்றைத் தாமே படித்தறிய வேண்டுமென்ற வேட்கை அவர் உள்ளத்தில் எழுந்தது. ஆனால் பெண்கள் எழுத்தறிதல் தகாது என்று பெரியோர் இகழ்ந்த காலம் அது. படித்த பெண் கைம்மை எய்துவாள் என்ற மூட நம்பிக்கையும் பரவியிருந்தது. கல்கத்தாவில் பெத்யூன் பெண்பள்ளி தோன்றிய 1849-ஆம் ஆண்டு அன்று இன்னும் தொலைவில் இருந்தது.

ஒரு நாள் கணவரின் ‘சைதன்ய பாகவத’ நூல் வீட்டினுள் வைக்கப்பட்டிருந்தது. அம்மையார் அதிலிருந்து ஓர் ஏட்டைக் கழற்றி ஒளித்துக் கொண்டார். தம் மூத்த மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்து வைத்தார். இரண்டும் அடுப்பங்கரையில் மறைந்திருந்தன. சிறுமியாய் இருந்த நாளில், தம் வீட்டில் நடந்த ஆண் பிள்ளைகளின் பள்ளியில் வாளா அமர்ந்திருந்தபோது காதில் விழுந்த எழுத்தோசைகளே அவருக்கிருந்த கல்வி முதல். ஓசையை நினைவினின்றும், வடிவை மகனது ஓலையினின்றும் எடுத்து, ஏட்டோடு ஒப்பிட்டு ஒவ்வோர் எழுத்தாய்க் கற்றார். சோறு வேகும் இடைவேளையே அவரது பள்ளி நேரம். முகத்திரையே பள்ளிச் சுவர். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25.

நாத்தனார் அறிந்தால் என் செய்வாரோ என்று பன்னாள் நடுங்கினார். அவர்கள் அறிந்தபோதோ சினக்கவில்லை, மகிழவே செய்தனர். பின்னர், தாய் தமக்குக் கடிதம் எழுதுவதில்லையே என்று வெளியூரில் பயின்ற மகன் ஒருவர் குறைப்பட, எழுதவும் கற்றார். அக்கையே ‘ஆமார் ஜீவன்’ என்னும் தம் வரலாற்றை எழுதிற்று. வங்க மொழியில் முதன்முதல் எழுந்த தன்வரலாற்று நூல் அதுவே.

நேயர்காள்! “அவர் 12 பிள்ளைகளோடு படித்தாரே, உமக்கென்ன?” என்று நம் பெண்மணிகளை இடித்துரைக்க இதனை நாம் கூறினோமில்லை. அறிவு வேட்கையைக் களவுபோல் மறைக்க நேர்ந்ததே என்று அவ்வம்மையாரே தம் நூலில் வருந்துகின்றார். அவருடைய விடாமுயற்சி போற்றத்தக்கது. அவரை ஒளிந்து கற்கச் செய்த வீட்டின் முறைமை போற்றத்தக்கதன்று. பொழுதை அவர் சிறிது சிறிதாகத் திரட்டிக்கொண்டார். அவருக்கு வாய்க்காதது வீட்டாரின் இசைவே.

விடியுமுன் பெரட்டுக் களத்திற்கு ஓடி, பால் மரம் வெட்டி, மாலையில் லயத்து அடுப்பை மூட்டிய அன்னையரின் வழிவந்தோர் நம்மிற் பலர். அவர்கட்கு ஒருவரும் ஓய்வு தந்திலர். நாமாவது தருவோம். இன்றிரவு ஏனங்களைத் துலக்கும் வேலையைக் கணவனோ மகனோ ஏற்கட்டும். அந்த அரைமணி நேரம் தாய்க்கு உரியதாகட்டும். அவள் கையிலுள்ள புத்தகம் எவர்க்கும் மறைக்க வேண்டாததாகட்டும்.