வாடகை வீடும் தனியுரிமையும்

வாடகைக்கு விடப்பட்ட வீட்டுக்குள் வீட்டு உரிமையாளரோ, அவர் அனுப்பும் பிளம்பர், எலக்ட்ரீஷியன் போன்ற பணியாளர்களோ எப்போது, எவ்வாறு நுழையலாம் என்பது வாடகைதாரரின் தனியுரிமை சார்ந்த கேள்வியாகும். தமிழ்நாட்டில் நடப்பிலுள்ள வாடகைச் சட்டம், நுழைவதற்கு 24 மணி நேரம் முன்னதாக எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும் என்கிறது. இச்சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆனால் "வீடு யாருடையது, வாசல் யாருடையது" என்ற கேள்வி அதைவிடப் பழமையானது. சென்னையின் தெற்குப் புறநகரான பெரும்பாக்கத்தில் அக்கேள்வி இன்று இரண்டு வடிவங்களில் நிற்கிறது.

உரிமையும் உடைமையும்

சொத்தின் உரிமை வேறு, அதைத் தம் வசம் வைத்திருக்கும் உடைமை வேறு. வீட்டை வாடகைக்கு விடும்போது உரிமை வீட்டுக்காரரிடமே இருக்கிறது. உடைமை வாடகைதாரரிடம் செல்கிறது. இந்திய தண்டனைச் சட்டம் 1860-லேயே இந்த வேறுபாட்டை ஏற்றது. அச்சட்டத்தின்படி அத்துமீறி நுழைதல் என்பது, பிறருடைய உடைமையில் உள்ள சொத்துக்குள் குற்றம் செய்யும் நோக்கத்துடனோ, அங்கிருப்பவரை அச்சுறுத்தும், அவமதிக்கும் அல்லது தொந்தரவு செய்யும் நோக்கத்துடனோ நுழைவதாகும். எனவே அத்தகைய நோக்கத்துடன் நுழைந்தால் வீட்டின் சொந்தக்காரரும் குற்றவாளி ஆகலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவும் இதே அடிப்படையில் அமைந்ததே.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் இரு பக்கமும் பேசியது. அதன் 108-ஆம் பிரிவின்படி, வாடகையைச் செலுத்தி நிபந்தனைகளைக் கடைப்பிடிப்பவர் இடையூறின்றி அந்தச் சொத்தை அனுபவிக்கலாம். அதே பிரிவு, சொத்தின் நிலையைப் பார்வையிட உரிமையாளரையும் அவருடைய முகவர்களையும் 'நியாயமான நேரங்களில்' உள்ளே விட வேண்டும் என்றும் சொன்னது. எது நியாயமான நேரம், முன்னறிவிப்பு வேண்டுமா என்பவற்றை அது விளக்கவில்லை. அந்த இடைவெளியைப் பெரும்பாலும் பழக்கமே நிரப்பியது.

ஒண்டுக்குடித்தனக் காலம்

சென்னையின் பழைய பகுதிகளில் அந்தப் பழக்கத்தை வடிவமைத்தது ஒண்டுக்குடித்தனம். ஒரே வீட்டில் பல குடும்பங்கள் 'போர்ஷன்' பிரித்து வாழ்ந்தன. குழாய், கிணற்றடி, கழிப்பறை, மொட்டை மாடி ஆகியவை பொதுவானவை. பல வீடுகளில் வீட்டுக்காரர் முன்பகுதியிலோ மாடியிலோ குடியிருந்தார். எத்தனை வாளி தண்ணீர் பிடிக்கலாம், எத்தனை மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும், எத்தனை நாள் விருந்தாளி தங்கலாம் என்பனவற்றை அவரே முடிவு செய்வது வழக்கமாக இருந்தது. அத்தகைய சூழலில் அவர் உள்ளே வந்து பார்ப்பது அத்துமீறலாகக் கருதப்படவில்லை. வீட்டுக்காரரின் இயல்பான அதிகாரமாகவே கருதப்பட்டது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வீட்டுப் பற்றாக்குறையால் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. சென்னை மாகாணத்தில் 1946, 1949 ஆகிய ஆண்டுகளிலும், பின்னர் 1960-லும் கட்டட (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டங்கள் இயற்றப்பட்டன. நியாயமான வாடகை எவ்வளவு, எந்தக் காரணத்துக்காக வெளியேற்றலாம் என்பவையே அவற்றின் மையம். 1960-ஆம் ஆண்டுச் சட்டம், வாடகைதாரர் அனுபவித்துவரும் வசதிகளில் உரிமையாளர் தலையிடுவதையும் தடுத்தது. தண்ணீரை நிறுத்தினால் முறையிட வழி இருந்தது. வெளியேற்றப்படாமல் இருப்பதே பெரும்பாடாக இருந்த அக்காலத்தில், கதவைத் தட்டாமல் நுழைவது வழக்காடும் பொருளாக எழுவது அரிதே.

நீதிமன்றங்களில் தனியுரிமை

1962-ல் கரக் சிங் வழக்கில், கண்காணிப்பில் உள்ளவரின் வீட்டுக்குக் காவலர் இரவில் செல்ல அனுமதித்த உத்தரப் பிரதேச விதியை உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஆனால் தனியுரிமை என்பது அரசியலமைப்பு உறுதியளிக்கும் உரிமை அல்ல என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். 2004-ல் கனரா வங்கி வழக்கில், தனியுரிமை இடங்களைச் சார்ந்ததல்ல, மனிதர்களைச் சார்ந்தது என்று நீதிமன்றம் விளக்கியது. வாடகைதாரருக்கு இது முக்கியமான கருத்து. சுவர் யாருக்குச் சொந்தமானாலும், அதற்குள் வாழ்பவரின் அந்தரங்கம் அவருடையதே. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்தது. கரக் சிங் தீர்ப்பின் மாறுபட்ட பகுதியையும் நீக்கியது.

தென்சென்னையில் இரு நிகழ்வுகள்

2012-ல் பெருங்குடியிலும் கீழ்க்கட்டளையிலும் வங்கிக் கொள்ளைகள் நடந்தன. பிப்ரவரி 23 அன்று வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் இருந்த ஐவர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தனர். அதன்பின் வாடகைதாரர்களின் விவரங்களைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று வீட்டு உரிமையாளர்களுக்குச் சென்னை மாநகரக் காவல் ஆணையர் ஆணையிட்டார். வெளிமாநிலத் தொழிலாளர்களும் தனியாகத் தங்கும் இளைஞர்களும் வீடு கிடைக்காமல் தவிப்பார்கள் என்ற கவலையும், தனியுரிமை பற்றிய கேள்வியும் அப்போது எழுந்தன.

2018 டிசம்பரில் ஆதம்பாக்கத்தில் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் மறைத்து வைக்கப்பட்ட கேமராக்களை அங்கு தங்கியிருந்தவர்களே கண்டுபிடித்தனர். விடுதியை நடத்தியவர் கைது செய்யப்பட்டார். சாவி வைத்திருப்பவரின் அதிகாரம் எவ்வளவு தூரம் தவறாகப் பயன்படலாம் என்பதை இது காட்டியது. பெண்களின் அந்தரங்கத்தை அவர்களுக்குத் தெரியாமல் படமெடுப்பது 2013 முதல் தனிக் குற்றமாக உள்ளது.

2017-ஆம் ஆண்டுச் சட்டம்

1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகத் தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை ஆணையத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். பழுது பார்த்தல், வீடு வசிக்கத் தக்க நிலையில் உள்ளதா எனப் பார்வையிடுதல், ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட வேறு நியாயமான காரணம் ஆகியவற்றுக்காக உரிமையாளரோ சொத்து மேலாளரோ உள்ளே வரலாம். அதற்கான 24 மணி நேர முன்னறிவிப்பில் காரணம், நாள், நேரம் ஆகியவை இருக்க வேண்டும். சண்டை வந்துவிட்டது என்பதற்காகத் தண்ணீர், மின்சாரம் போன்ற இன்றியமையாத வசதிகளை நிறுத்தவும் கூடாது.

தண்டனைச் சட்டத்தில் தீய நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டும். குழாயைப் பார்க்க வந்தேன் என்று சொல்பவரிடம் அதை மெய்ப்பிப்பது கடினம். அறிவிப்பு விதியோ நோக்கத்தைக் கேட்பதில்லை. முன்கூட்டிச் சொன்னாரா என்றுதான் கேட்கிறது. அதன் பயன் அங்கேதான் உள்ளது. ஈழத் தமிழர்கள் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும், இங்கிலாந்திலும் இதே 24 மணி நேரக் கணக்கு உண்டு. இந்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் மின்னணு வழி அறிவிப்பையும் ஏற்கிறது. சூரிய உதயத்துக்கு முன்னும் மறைவுக்குப் பின்னும் நுழையக் கூடாது என்கிறது. தீ, வெள்ளம், புயல் போன்ற அவசர நிலைகளுக்கு விலக்குத் தருகிறது.

பெரும்பாக்கத்தின் இரு வாசல்கள்

செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள பெரும்பாக்கத்தில் பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களில் வேலை செய்வோர் பலர் தனியார் அடுக்குமாடிகளில் வாடகைக்கு இருக்கின்றனர். அவர்களுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். எழுத்து ஒப்பந்தமும் பதிவும் இல்லாமல் வாய்ப்பேச்சில் குடியேறுபவர்கள், சிக்கல் வரும்போது அவ்வுரிமையை நிலைநாட்டச் சிரமப்படுவர்.

அதே ஊரில் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கட்டிய 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன. கூவம், அடையாறு ஆகியவற்றின் கரைகளிலிருந்து, குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பின், அகற்றப்பட்ட குடும்பங்கள் இங்குக் குடியமர்த்தப்பட்டன. அவர்கள் ஒதுக்கீடு பெற்றவர்கள். அரசுக்கோ அரசு அமைப்புகளுக்கோ சொந்தமான கட்டடங்களுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. ஆகவே அதன் 24 மணி நேர விதியை இவர்கள் காட்ட முடியாது. ஆனால் இவர்களுடைய வீட்டுக்குப் பொறுப்பாளர் அரசு அமைப்பு. புட்டசாமி தீர்ப்பு உறுதிசெய்த அடிப்படை உரிமை முதன்மையாக அரசை நோக்கியதே. அதனால் கணக்கெடுக்கவோ பழுது பார்க்கவோ வரும் வாரியப் பணியாளரும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவுக்குக் கட்டுப்பட்டவரே.

தனியார் வாடகைதாரரிடம் தெளிவான விதி இருக்கிறது. வாரிய வீட்டில் இருப்பவரிடம் உயர்ந்த உரிமை இருக்கிறது. அதை அன்றாடம் கையாள எளிய விதி இல்லை. எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும் என்ற ஒரு வரி வாரியக் குடியிருப்புகளுக்கும் எழுதப்பட்டால் இந்த இடைவெளி குறையும்.