சனிக்கிழமைகளில் வளர்ந்த படம்

லண்டன் போன்ற ஊரில், கூட்டத்தோடு கூட்டமாக நடக்கும்போது முன்பின் தெரியாத ஒருவரோடு நம் நடை வேகம் ஒத்துப்போய்விட்டால் இருவருக்குமே சங்கடம். ஒன்று முந்திப் போய்விடுவோம், இல்லையென்றால் சற்றுப் பின்தங்குவோம். யாரும் சொல்லித்தராத இந்த வழக்கத்தைக் கிறிஸ்டோபர் நோலன் கவனித்து வைத்திருந்தார். ஒருவன் இதை மீறினால் என்ன ஆகும்? கூட்டத்திலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவர் பின்னாலேயே போனால்? அந்த நொடியே அவர் கூட்டத்தில் ஒரு முகமாக இருப்பது நின்று, ஊரும் பேரும் வீடும் கவலையும் உள்ள தனி மனிதராகிவிடுகிறார். நோலனின் முதல் முழுநீளப் படமான 'ஃபாலோயிங்' இந்தக் கேள்வியிலிருந்து முளைத்தது.

அதற்கு இன்னொரு விதையும் உண்டு. அவர் குடியிருந்த வீட்டின் கதவை உடைத்து யாரோ திருடிப் போனார்கள். உடைந்து கிடந்த கதவைப் பார்த்தபோதுதான் அது எத்தனை மெல்லிய பலகை என்பது அவருக்கு உறைத்தது. அது எந்தக் காலத்திலும் யாரையும் தடுத்திருக்க முடியாது. அடுத்தவர் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று எல்லோரும் பேசாமல் ஒப்புக்கொண்டிருந்ததுதான் அதுவரை அந்த வீட்டைக் காத்தது.

இரண்டும் சேர்ந்து கதையாயின. எழுத்தாளனாகும் ஆசையோடு வேலையில்லாமல் திரியும் ஓர் இளைஞன், கதைக்கு ஆள் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு தெருவில் போகிறவர்களைப் பின்தொடர்கிறான். அவன் பின்தொடர்ந்தவர்களில் ஒருவன் அதைக் கண்டுபிடித்துவிடுகிறான். அவன் பெயர் காப். கோட்டு சூட்டு அணிந்த, நாசூக்காகப் பேசும் திருடன். பணத்தைவிட, வீட்டுக்காரர்கள் பெட்டியில் பொத்திவைத்திருக்கும் புகைப்படங்களும் கடிதங்களும்தான் அவனுக்கு முக்கியம். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு போனால்தான் அது தங்களிடம் இருந்ததையே மனிதர்கள் உணர்வார்கள் என்பது அவன் சித்தாந்தம். அதை நம்பி அவனோடு வீடு வீடாக நுழையும் இளைஞன், தனக்காக விரிக்கப்பட்ட வலையில் போய் விழுகிறான்.

கதை கையில் இருந்தது. படம் எடுக்கப் பணம் இல்லை. ஆனால் பழக்கம் இருந்தது. அப்பாவின் சூப்பர் 8 கேமராவை ஏழு வயதில் கையில் எடுத்தவர் நோலன். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஆங்கில இலக்கியம் படித்தபோது அங்கிருந்த திரைப்படக் கழகம்தான் அவருடைய பட்டறை. அவரும், அங்கே அறிமுகமாகிப் பின்னர் வாழ்க்கைத் துணையான எம்மா தாமஸும் மாணவர்களுக்குப் படங்களைத் திரையிட்டார்கள். அதில் கிடைத்த காசில் 16 எம்எம் குறும்படங்கள் எடுத்தார்கள். படிப்பு முடிந்ததும் நிறுவனங்களுக்கான வீடியோக்களில் கேமரா பிடித்துப் பிழைப்பு நடந்தது. முழுநீளப் படத்துக்கு முதலீடு தர யாரும் வரவில்லை. வருவார்கள் என்று அவர் காத்திருக்கவும் இல்லை.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். நோலன் போட்ட கணக்கு அதுதான். படத்தின் மொத்தச் செலவு சுமார் 6,000 டாலர். நடித்தவர்களும் கூட இருந்து உழைத்தவர்களும் நண்பர்கள். வாரம் முழுக்க எல்லோருக்கும் வேறு வேலை. எல்லோருக்கும் பொதுவாக ஓய்ந்த நாள் சனிக்கிழமை ஒன்றுதான். ஆகவே சனிக்கிழமைதோறும் படப்பிடிப்பு என்று முடிவாயிற்று. கிட்டத்தட்ட ஓராண்டு அப்படியே ஓடியது.

ஏன் அவ்வளவு நாள்? பெரும்பணத்தை விழுங்கியது பிலிம். 16 எம்எம்மில் 400 அடிச் சுருள் ஒன்று பதினோரு நிமிடத்தில் தீர்ந்துபோகும். வாங்கவும் காசு, கழுவவும் காசு. வாரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் பதிவு செய்யத்தான் சம்பளத்தில் மிஞ்சியது போதும். இரண்டாவது டேக்கே ஆடம்பரம். அதனால் கேமரா ஓடுவதற்கு முன்பே பல மாதங்கள் நாடகம் போலவே ஒத்திகை நடந்தது. முழுப் பிரதியும் நடிகர்களுக்கு மனப்பாடம். எடுத்துக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து துரத்திவிட்டால்கூட, வேறோர் இடத்தில் நின்று அதே காட்சியை உடனே நடித்துவிட முடியும்.

கதாநாயகனாக நடித்த ஜெரமி தியோபால்டே தயாரிப்பாளர்களில் ஒருவர். காப் வேடத்தில் அலெக்ஸ் ஹா, மர்மப் பெண்ணாக லூசி ரஸ்ஸல். விசாரிக்கும் போலீஸ்காரராக வருபவர் நோலனுடைய அப்பாவின் சகோதரர் ஜான் நோலன். வீடுகள் நண்பர்களும் உறவினர்களும் தந்தவை. கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டவர் நோலனே. விளக்குகளுக்கு வழியில்லாததால் பெரும்பாலும் ஜன்னலோரத்தில் ஆட்களை நிறுத்தி, வருகிற வெளிச்சத்தை வைத்தே எடுத்தார்.

கறுப்பு வெள்ளையைத் தேர்ந்ததிலும் இதே தெளிவு தெரிகிறது. விளக்கில்லாமல் வண்ணத்தில் எடுத்தால் ஏழ்மை பல்லிளிக்கும். கறுப்பு வெள்ளையில் அதே ஏழ்மை நிழலாகிவிடும். ஃபிலிம் நுவார் என்ற இருண்ட குற்றப்பட வகையே ஒருவிதத்தில் இப்படி வளர்ந்ததுதான். 1945இல் எட்கர் உல்மர் எடுத்த 'டீட்டூர்' என்ற சின்னப் படத்தில் நியூயார்க் தெரு என்று காட்டப்படுவது ஏறக்குறைய வெறும் மூடுபனி. தெரு போடக் காசில்லை. அந்தப் பனியோ பாத்திரத்தின் விதி போலவே சூழ்ந்து நிற்கிறது. இருட்டுக்குச் செலவில்லை என்பதை அந்தக் கால ஏழைப் படக்காரர்கள் கற்றிருந்தார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து லண்டனில் அதே பாடத்தை நோலன் தன் வழியில் படித்தார்.

அவர் கூடுதலாகச் சேர்த்தது காலத்தை. 'ஃபாலோயிங்' நேராக ஓடுவதில்லை. ஒரு காட்சியில் நாயகன் கலைந்த நீள்முடியோடு இருப்பான், அடுத்ததில் முடி வெட்டி சூட்டில் மிடுக்காக நிற்பான், அதற்கடுத்ததில் முகம் அடிபட்டு வீங்கியிருக்கும். அவன் தோற்றத்தை அடையாளமாகப் பிடித்துக்கொண்டு முன்னது எது பின்னது எது என்று நாமே அடுக்குகிறோம். பிறர் வாழ்க்கைத் துண்டுகளை வைத்துக் கதை கட்டுகிற அவன் வேலையை நம்மையும் செய்யவைக்கிற உத்தி இது. இதற்குப் பைசா செலவில்லை. எழுதும் மேசையிலும் படத்தொகுப்பு மேசையிலும் உழைப்பு மட்டும் வேண்டும்.

எழுபது நிமிடம்கூட முழுதாக இல்லாத அந்தப் படம் 1998இல் சான் பிரான்சிஸ்கோ விழாவில் திரையிடப்பட்டது. 1999இல் ராட்டர்டாம் விழாவின் டைகர் விருது பெற்றது. அந்தப் பெயர்தான் அடுத்த படத்துக்குக் கதவு திறந்தது. 2000இல் வந்த அந்த 'மெமண்டோ'வின் பாதிப்பில் 2005இல் தமிழில் 'கஜினி' வந்ததை நாம் அறிவோம்.

இன்று 'ஃபாலோயிங்' பார்க்கிறவர்கள் நாயகனின் கதவில் ஒட்டியிருக்கும் பேட்மேன் சின்னத்தை, நோலன் பிறகு எடுத்த பேட்மேன் படங்களோடு சேர்த்துக் காட்டி வியக்கிறார்கள். காப் என்ற பெயர் அவருடைய 'இன்செப்ஷன்' நாயகனுக்கு மறுபடி வைக்கப்பட்டதையும் சொல்கிறார்கள். என்னை ஆட்கொள்வது வேறொன்று. எடுத்துக்கொண்டு போனால்தான் இருந்தது தெரியும் என்கிறான் அந்தத் திருடன். வறுமை நோலனிடமிருந்து வண்ணத்தை, விளக்கை, நட்சத்திரங்களை, வாரத்தின் ஆறு நாள்களை எடுத்துக்கொண்டது. தன்னிடம் மிஞ்சியிருந்தது என்னவென்று அப்போது அவருக்குத் தெரிந்தது. முகம், நிழல், கதையின் வரிசை. பிறகு எத்தனை கோடி கைக்கு வந்தபோதும் அவர் இந்த மூன்றையும் விடவில்லை.

2023இல் வெளிவந்த 'ஓப்பன்ஹைமர்' படத்தின் சில பகுதிகளைக் கறுப்பு வெள்ளையில், ஐமாக்ஸ் கேமராவில் எடுக்க விரும்பினார். ஐமாக்ஸ் கேமராவுக்கான கறுப்பு வெள்ளை பிலிம் அதுவரை இருக்கவில்லை. கோடக் நிறுவனம் அவருக்காகவே தயாரித்துக் கொடுத்தது. அந்தப் படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர் எம்மா தாமஸ். ஒரு காலத்தில் வாரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொரு சுருளாக வாங்கிய அதே இருவர்.